ஏழாம் நம்பர் மலையில் புதைத்த அரிசி

ஜப்பான்காரன் காலத்தில் ஊரே பசியில் வாடிக்கொண்டிருந்தபோது நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். (எனக்குப் பசி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே வயிறுதான்.) மற்றவர்கள் பொறாமைப்பட நகை, நிலம், வீடு என்று உருப்படியான காரணங்கள் வைத்திருப்பார்கள். எனக்கு வாய்த்தது ஒரு சிட்டிகை உப்பு. அதுவும் நிஜ உப்பு இல்லை, கதையில் வந்த உப்பு.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மலாய் நாட்டில், பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு நிரை பிடித்து மலை ஏறும்போது நடு நிரையைக் கதை சொல்கிறவளுக்கு விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் குரல் எட்ட வேண்டுமே! கதை சொல்கிறவளுக்கு வாய் ஓடும் வேகத்தில் கை ஓடாது, கூடை நிறையாது. அதனால் நிறுவைக்குப் போகும் முன் மற்ற பெண்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். கதை நன்றாக இருந்தால் அள்ளிப் போடுவார்கள். சுமார் என்றால் இரண்டு விரலால் கிள்ளிப் போடுவார்கள். பிடிக்கவில்லை என்றால், 'இந்தப் பக்கம் கொழுந்தே இல்லடி' என்று வானத்தைப் பார்ப்பார்கள். இதைவிட நேர்மையான விமர்சனத்தை நான் இன்றுவரை எங்கும் பார்த்ததில்லை.

அந்த நடு நிரை என்னுடையதாக இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள் நான். வாத்தியார் வீட்டுப் பழைய பத்திரிகைகளை எல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன். மாறுவேடத்தில் திரியும் ராஜா, விஷம் வைக்கும் மந்திரி, சுரங்கப் பாதையில் ஓடும் இளவரசி என்று என் கையில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. நான் இளவரசியைப் பாதிக் கிணற்றில் தொங்கவிட்டுவிட்டு, "மீதி நாளைக்கு" என்று சொன்னால் பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே அள்ளி அள்ளிப் போடுவார்கள். என் அம்மா நிறுவையடியில் நிற்கும்போது அவளுடைய கழுத்தே சற்று நீண்டிருக்கும்.

பிறகு சண்டை வந்தது. வெள்ளைக்காரத் துரை ஒரே நாளில் காரில் ஏறிப் போய்விட்டார். ஜப்பான்காரன் வந்தான். கொஞ்சம் முன்னால்தான் என் அண்ணனுக்குக் கல்யாணமாகி, தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து மரகதம் அண்ணி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஊர் முதல் ஆளைப் பார்த்து நடுங்கியது. நான் இரண்டாவது ஆளைப் பார்த்து நடுங்கினேன்.

அண்ணியிடம் ஒரு குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கஞ்சியில் கல் கிடக்காது. துவைத்த துணியில் அழுக்கு இருக்காது. தலையில் பேன்கூட இல்லை. (பார்த்தேன். பின்னிவிடுகிறேன் என்ற சாக்கில் நன்றாகவே தேடிப் பார்த்தேன்.) குரல் வேறு மெல்லியது. அவள் பேசினால் மற்றவர்கள் தாமாகவே வாயை மூடிக்கொள்வார்கள். நான் பேசும்போது நான்தான் கத்தி மூடவைக்க வேண்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் கூப்பன் அரிசியை வாங்க தானா ராத்தா டவுனுக்குப் போய் நிற்போம். முதலில் அரிசி குறைந்தது. பிறகு அதில் சுண்ணாம்பு கலந்து வந்தது. பிறகு சுண்ணாம்பும் வரவில்லை. மலைக்குக் கீழே மரவள்ளிக்கிழங்கு தொடை பருமனுக்கு விளைகிறது என்று கேள்விப்பட்டு நாங்களும் நட்டுப் பார்த்தோம். எங்கள் குளிரில் அது விரல் பருமனோடு நின்றுவிட்டது. கடைசியில் ஜப்பான் துரை பாதி மலைகளில் தேயிலையைப் பிடுங்கச் சொல்லிச் சர்க்கரைவள்ளிக் கொடி போடவைத்தான். மீதித் தேயிலை கவாத்து இல்லாமல் மரமாக வளர்ந்தது. ஆபீசில் எது தேவையோ அதைப் பொறுத்து ஒருநாள் கொழுந்து, ஒருநாள் கிழங்குக்காடு என்று எங்கள் பிழைப்பு போனது.

நான் என் ராஜாக்களை விடவில்லை. ஒருநாள் இளவரசியின் சுயம்வர விருந்தை விவரித்துக்கொண்டிருந்தேன். நெய்ச்சோறு, பால் பாயசம், முந்திரி போட்ட கேசரி என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு போனபோது பக்கத்து நிரையிலிருந்து காளியக்கா கூடையைத் தரையில் வைத்தாள். எங்கள் கூட்டத்திலேயே மூத்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"ஏண்டி அஞ்சல, காலையில வெறும் சுடுதண்ணி குடிச்சிட்டு மல ஏறியிருக்கோம். நெய்ச்சோறுங்கிற. வயித்தெரிச்சலக் கெளப்பாத."

"கதைதான்க்கா அது!"

"கதன்னா அந்த ராசாவுக்கும் கெழங்கு குடு. அவன் மட்டும் என்னா ஒசத்தி?" என்று சொல்லிவிட்டு, அண்ணியின் பக்கம் திரும்பினாள். "மரகதம், நீ ஒண்ணு சொல்லேன். ஒங்க ரப்பர் காட்டுக் கத எதாச்சும்."

"எனக்குக் கதையெல்லாம் வராதுக்கா," என்றாள் அண்ணி. (இப்படிச் சொல்கிறவர்களை நம்பவே கூடாது.)

வராத கதை வந்தது. ஒரு புருஷன் பெண்டாட்டி. ஏதோ சண்டையில் இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டில் கொஞ்சம்தான் உப்பு. பெண்டாட்டி அவன் கஞ்சியில் மட்டும் உப்பைப் போட்டுவிட்டுத் தன் கஞ்சியை உப்பில்லாமல் குடிக்கிறாள். ஒருநாள் அவன் தவறிப்போய் அவள் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிடுகிறான். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கோப்பைகளை மாற்றி வைக்கிறான். அவள் குடித்துப் பார்க்கிறாள், உப்பு கரிக்கிறது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை.

சண்டை இல்லை, சுரங்கம் இல்லை, யாரும் சாகக்கூட இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் முந்தானை கண்ணில் இருக்கிறது. காளியக்கா மூக்கைச் சிந்தினாள். எனக்கு அப்புறம் இருந்த நிரையில் என் அம்மா, என்னைப் பெற்றவள், என் இளவரசி கிணற்றில் விழுந்தபோது கொட்டாவி விட்டவள், விசும்பிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் போயி ஏன் அழுவுறீங்க? உப்புதான?" என்றேன்.

"அது உப்பாடி? போடி இவளே," என்றாள் காளியக்கா.

"உப்பு இல்லாம பின்ன என்னா?"

"ஒனக்குக் கல்யாணம் ஆவட்டும், தெரியும்," என்றாள் அம்மா.

அன்று நிறுவையடியில் அண்ணியின் கூடை வழிந்து கீழே கொட்டியது. என் கூடையில் விழுந்தது ஒரே ஒரு கிள்ளு. அதையும் போட்டது அண்ணிதான்.

அதோடு நடு நிரை கைமாறிவிட்டது. அண்ணி அடுத்ததாக ஒரு காய்ந்த மிளகாயை எடுத்துக்கொண்டாள். சண்டை போட்ட அக்கா தங்கை. ஒருத்தி வீட்டில் மிளகாய் இருக்கிறது, நெருப்புக் குச்சி இல்லை. இன்னொருத்தி வீட்டில் நெருப்பு இருக்கிறது, மிளகாய் இல்லை. ஒரே ஒரு மிளகாயை வைத்து மூன்று நாள் ஓட்டினாள். என்னால் ஒரு ராஜ்யத்தையே வைத்துக்கொண்டு அரை நாள் ஓட்ட முடியவில்லை. போதாக்குறைக்கு என் அண்ணன் வேறு சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு என்ன கத மரகதம்?" என்று கேட்பான். மூன்று வருஷம் நான் கதை சொல்லியிருக்கிறேன். ஒருநாளாவது கேட்டானா?

எனக்குத் தூக்கம் வரவில்லை. வயிறு எரிந்தது, மனசும் எரிந்தது. யோசித்து யோசித்து அண்ணியின் தந்திரத்தை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். கதையில் தின்கிற பொருள் ஒன்று வேண்டும்; ஆனால் கேட்கிறவர்களுக்கு அது தின்கிற பொருளாக இருக்கக் கூடாது. உப்பு என்றால் உப்பு இல்லை, பாசம். மிளகாய் என்றால் மிளகாய் இல்லை, ரோஷம். இவ்வளவுதானே? இவள் போயும் போயும் உப்பையும் மிளகாயையும் கட்டிக்கொண்டு அழுகிறாள். நான் நேராக அரிசிக்கே போகிறேன். உப்புக்கே இந்த அழுகை என்றால் அரிசிக்கு மலையே கரையாதா?

கதை தயாரானது. ஒரு விதவைத் தாய். ஒரே மகன். அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போகிறான். போகும் முன் தாய் ஒரு சாடி நிறைய அரிசியைப் போட்டு மண்ணில் புதைக்கிறாள். "நீ திரும்பி வந்ததும் ஒனக்குத்தான் பொங்கிப் போடுவேன், அதுவரைக்கும் ஒரு பருக்க தொடமாட்டேன்," என்கிறாள். அரிசி என்றால் அரிசி இல்லை, நம்பிக்கை! எனக்கே புல்லரித்தது. முடிவு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. மகன் குதிரையில் திரும்பி வந்து ஊருக்கே விருந்து வைப்பதாக ஒரு யோசனை. (ராஜா என்னை லேசில் விடுவதாக இல்லை.)

மறுநாள் கொழுந்து வேலை. நடு நிரையை எப்படிப் பிடுங்குவது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணி, "எனக்குத் தொண்ட கட்டியிருக்கு. இன்னைக்கு அஞ்சல சொல்லட்டும்," என்று ஒதுங்கிக்கொண்டாள். தொண்டையும் கட்டவில்லை, ஒன்றும் கட்டவில்லை. காலையில் அண்ணனோடு சிரித்துப் பேசியதை என் காதால் கேட்டேன். எனக்குப் பிச்சை போடுகிறாள்! அந்தக் கோபத்தில் என் குரல் வழக்கத்தைவிட உயர்ந்தது. கதைக்கு உயிர் வர வேண்டும் என்று, தெரிந்த இடமாகவே வைத்தேன். நம்முடைய ஏழாம் நம்பர் மலை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கவாத்து வெட்டாமல் மரமாகிப்போன அந்தத் தேயிலைச் செடி. அதன் அடியில் தாய் சாடியைப் புதைத்தாள் என்று சொன்னதும் கொழுந்து ஒடிக்கும் சத்தமே நின்றுவிட்டது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அண்ணியின் கதைக்குக்கூடக் கை நிற்காது. அழுதுகொண்டே பறிப்பார்கள். என் கதைக்கு மலையே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது.

"தொட்டிக்கு மேப்பக்கமா, கீப்பக்கமா?" என்றாள் காளியக்கா. குரல் கம்மியிருந்தது. அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

"மேப்பக்கம்," என்றேன்.

"எம்புட்டு ஆழம்டி?" இது இரண்டு நிரை தள்ளி.

"ரெண்டு மொழம்." கதையில் இப்படி யாராவது நுணுக்கமாகக் கேட்பார்களா? ரசிகர்கள்!

"சாடி வாயி எப்பிடி மூடியிருந்துச்சு? தண்ணி எறங்கியிருக்காதே?"

"செவப்புத் துணி கட்டி, மேல களிமண்ணு பூசி, நல்லா இறுக்கி மூடினா. ஒரு சொட்டு எறங்காது," என்று நான் வாரி வழங்கினேன். "பெரிய சாடி. ரெண்டு பேரு சேந்தாத்தான் தூக்க முடியும்."

யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு கனிவு. "மீதி நாளைக்கு," என்று நிறுத்தினேன். அன்று நிறுவையடியில் என் கூடையில் கொழுந்தைக் கொட்டினார்கள். வழிந்ததைக் கூட்டி அள்ள வேண்டியிருந்தது. அண்ணி பக்கம் வந்து, "நல்லா இருந்துச்சு அஞ்சல. பாவம், அந்த ஆத்தா என்னாத்த நெனச்சுக்கிட்டுப் பொதச்சிருப்பா?" என்று கேட்டாள்.

"அரிசியத்தான்," என்றேன் விறைப்பாக. தோற்றவர்கள் இப்படித்தான் ஏதாவது கேட்பார்கள்.

மறுநாள் விடிந்ததும் கங்காணியின் கூச்சல் லயம் வரை கேட்டது. ஏழாம் நம்பர் மலைக்கு ஓடினோம். பனி மூட்டத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அந்தத் தேயிலை மரம் வேரோடு மல்லாந்து கிடந்தது. அது இருந்த இடத்தில் ஆள் இறங்குகிற பள்ளம். தொட்டிக்கு மேற்பக்கம் தோண்டியிருந்தார்கள், கீழ்ப்பக்கம் தோண்டியிருந்தார்கள். அங்கே கிடைக்கவில்லை என்றதும் பக்கத்துக் கிழங்குக்காட்டில் இறங்கியிருந்தார்கள். ஜப்பான் துரை அறுவடைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த சர்க்கரைவள்ளிக் கொடிகள் எல்லாம் சுருட்டிப்போட்ட பாயாகக் குவிந்து கிடந்தன. கிழங்குகள் சுண்டுவிரல் அளவுக்குக்கூடத் தேறவில்லை. காடு முழுக்கக் காட்டுப்பன்றி புகுந்தது போல் இருந்தது. ஆனால் காட்டுப்பன்றி மண்வெட்டியை விட்டுவிட்டு ஓடாது.

பிறகுதான் கதை வெளியே வந்தது. ஆளுக்கு ஆள் தெரியாமல், விடியும் முன்னே குடும்பம் குடும்பமாகக் கிளம்பியிருக்கிறார்கள். பனியில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டபோது, "கொல்லைக்கு வந்தேன்," என்று சொன்னார்களாம். கையில் மண்வெட்டியோடு! கடைசியில் வெட்கத்தை விட்டு எல்லாரும் சேர்ந்தே தோண்டியிருக்கிறார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் சேலையில் முழங்கால் வரை செம்மண்.

"அம்மா, நீயுமா? நான் கட்டின கதம்மா அது!"

"எனக்கென்னாடி தெரியும்? செவப்புத் துணிங்கிற, களிமண்ணுங்கிற, ரெண்டு மொழங்கிற. இம்புட்டு வெவரமா எவளாச்சும் பொய் சொல்லுவாளா?" என்றாள் அம்மா. அவள் கண்ணில் இருந்தது கோபமில்லை, ஏமாற்றம். ஒரு ராத்திரி முழுக்க அவள் மனசில் சோறு பொங்கியிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பொறாமைக்காக அந்தச் சோற்றைக் காட்டிப் பிடுங்கிவிட்டேன்.

அதற்கு மேல் வருத்தப்பட நேரம் இல்லை. ஜப்பான் துரை வந்துவிட்டான். காதுவரை தொங்கும் தொப்பி போட்டிருப்பான். நாங்கள் அவனுக்குத் தொப்பி என்றே பெயர் வைத்திருந்தோம். எல்லாரும் இடுப்பை வளைத்துக் குனிந்தோம். தொப்பி காட்டைப் பார்த்தான். கங்காணியைக் கூப்பிட்டான். பளார் என்று ஓர் அறை. அதுவரை கொடுத்தே பழகிய கங்காணி, வாங்கியதும் விரலை நேராக என் பக்கம் நீட்டினார்.

ஜப்பான் துரைக்குத் தெரிந்தது அரைகுறை மலாய். எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் மொழிபெயர்க்க, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நின்றார். என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்கள்.

"என்னா நடந்துச்சு, உள்ளதச் சொல்லுலா," என்றார் கிராணி. அவர் கன்னமும் அடிக்குக் காத்திருந்தது.

"அது வெறும் கதைங்க ஐயா. அரிசி கிரிசி ஒண்ணுமில்ல."

"செரித்தா," என்று கிராணி மலாயில் சொன்னார், கதை என்று. தொப்பி நம்பவில்லை. முழுக்கச் சொல்லச் சொன்னான். நான் நடுங்கிக்கொண்டே சொன்னேன். சயாம் என்ற சொல் வந்தபோது கிராணி இருமிவிட்டு, மகன் தூர தேசத்துக்கு வேலைக்குப் போனதாக மாற்றிக்கொண்டார். சாடி வந்தது. சிவப்புத் துணி வந்தது. தொப்பியின் கண் மெல்ல மெல்ல விரிந்தது. அவன் கழுத்துக் குமிழ் ஏறி இறங்கியது. எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். முந்தின நாள் முழுக்க அதைத்தான் ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பெராஸ் மானா?" என்றான். அரிசி எங்கே?

கூட வந்த சிப்பாய்கள் பள்ளத்தில் இறங்கித் தோண்டினார்கள். ஜப்பான் சக்கரவர்த்தியின் படை என் கதைக்குள் இறங்கி இரண்டு முழத்துக்கும் கீழே போனது. ஒரு மண்புழு வந்தது. தொப்பிக்கு முகம் சிவந்துவிட்டது. அரிசியை நான் இடம் மாற்றி ஒளித்துவிட்டேன் என்று முடிவுகட்டிவிட்டான். இவளை தானா ராத்தாவுக்குக் கொண்டுபோய் விசாரிக்க வேண்டும் என்றான். அங்கே விசாரிக்கக் கொண்டுபோனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். சிலர் திரும்பவே இல்லை. அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது அந்த மெல்லிய குரல் கேட்டது. "ஐயா, கத இன்னும் முடியலங்க. முடிவக் கேட்டுட்டுக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

அண்ணி. சேலையில் ஒரு பொட்டு மண் இல்லை. என்னைத் தவிர அந்த மலையில் தோண்டப் போகாத ஒரே ஆள் அவள்தான். என் கதையைக் கதை என்று கேட்டவளும் அவள் ஒருத்திதான். கிராணிக்கு வேறு வழி தெரியவில்லை, மொழிபெயர்த்தார். தொப்பி தலையசைத்தான்.

"அந்த மகன் திரும்பி வர்றான்," என்றாள் அண்ணி. "ஆத்தா செத்துப் போயிட்டா. அவன் வந்து இந்த எடத்தத் தோண்டுறான். சாடி இருக்கு. செவப்புத் துணிய அவுக்குறான். உள்ள அரிசி இல்ல. மண்ணுதான் இருக்கு. இந்த மலையோட மண்ணு. அந்த ஆத்தாகிட்ட எந்தக் காலத்துல ஒரு சாடி அரிசி இருந்துச்சு? சோறு காத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் புள்ள எப்பிடியாச்சும் உசுரோட வந்து சேருவான்னு, மண்ணப் போட்டு மூடி அரிசின்னு சொல்லியிருக்கா. அவன் வந்துட்டான்ல? அவ்வளவுதாங்க ஐயா. அதான் அரிசி கெடைக்கல."

கிராணி மொழிபெயர்க்கத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். காளியக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அவள் மூத்த மகன் சயாமுக்குப் போய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. நான் கதைக்கு ஒரு சுவைக்காகச் சயாமைச் சேர்த்தபோது அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

தொப்பி அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் எங்கேயோ ஒரு ஆத்தா இருந்திருப்பாள். மறுநொடி பூட்ஸ் காலால் கொஞ்சம் மண்ணைப் பள்ளத்துக்குள் தள்ளினான். "ஹாபிஸ்," என்றான். முடிந்தது. திரும்பி நடந்தவன், நாலடி போய் நின்று, இவ்வளவு நேரம் இளகிவிட்டதற்கும் சேர்த்து ஓர் உத்தரவு போட்டான். பிடுங்கின கிழங்கை எல்லாம் இருந்த இடத்திலேயே திரும்பப் புதைக்க வேண்டும்.

உயிர் தப்பிய ஒருத்தி அந்த நேரத்தில் என்ன நினைக்க வேண்டும்? கடவுளை நினைக்கலாம். அண்ணி காலில் விழலாம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'அடிப்பாவி, இந்த முடிவு எனக்கு ஏன் தோணாமப் போச்சு?' சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். என் சாடி, என் சிவப்புத் துணி, என் இரண்டு முழம். எல்லாம் நான் போட்ட முதல். அழுகை முழுக்க அவளுக்கு. தொப்பியைக்கூட அவள்தான் கலங்கவைத்தாள். எனக்குக் கிடைத்தது ஒரு மண்புழு.

சுண்டுவிரல் கிழங்குகளை மறுபடி மண்ணுக்குள் படுக்கவைத்துக்கொண்டே போனோம். குழந்தைக்குப் போர்த்திவிடுவது மாதிரி மூட வேண்டியிருந்தது. அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தாள். அழுத்தம் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"எப்ப யோசிச்ச அண்ணி அந்த முடிவ?"

"நேத்து ஒங்கிட்ட கேட்டேன்ல, அந்த ஆத்தா என்னாத்த நெனச்சான்னு. நீ சொல்லல. ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன். நல்ல கத அஞ்சல அது," என்றாள். அவள் சொன்னது மனசார. அதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

கங்காணி அன்றே அறிவித்துவிட்டார்: இனி அஞ்சலை வேலைக்காட்டில் கதை என்று வாயைத் திறந்தால் பெயர் வெட்டு, அன்றைய கூலி கிடையாது. நடு நிரை அண்ணிக்கு நிரந்தரமானது. காளியக்கா ஒவ்வொரு நாளும் நிரை ஏறும் முன் அந்தச் சாடிக் கதையின் முடிவை மட்டும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள். சண்டை முடிந்த பிறகும் கேட்டாள். அவள் மகன் வரவில்லை. அவள் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

இதெல்லாம் நடந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நான் கல்யாணமாகி தானா ராத்தாவில் குடித்தனம் வைத்தேன். என் மகள் இப்போது ஆசிரியைப் பயிற்சிக்குப் போகிறாள். அண்ணி அவளுக்கு அத்தை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லாரும் கூடினால் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் அண்ணியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு சாடிக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். அண்ணி அழகாகச் சொல்வாள், வழக்கம்போல. ஆனால் அவள் சொல்லும் கதையில் ஒரு திருத்தம் உண்டு. ஜப்பான்காரன் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று அந்த முடிவைச் சொன்னது அஞ்சலையாம். அண்ணி ஓரமாக நின்று நடுங்கிக்கொண்டிருந்தாளாம்.

முதல் தடவை கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் நான் எதற்காக வயிறெரிந்தேனோ அதை அவள் உப்பில்லாக் கஞ்சி குடித்த பெண்டாட்டி மாதிரி பேசாமல் என் கோப்பையில் போட்டுவிட்டுப் போகிறாள். பொறாமைப்படக்கூட ஒரு மிச்சம் வைக்கவில்லை பாருங்கள். போன பொங்கலன்று பொறுக்க முடியாமல், பிள்ளைகள் எதிரிலேயே உண்மையைப் போட்டு உடைத்தேன். "அந்த முடிவ நான் சொல்லல. அண்ணிதான் சொன்னா. நான் பயத்துல நின்ன எடத்துலயே உறைஞ்சு போயிருந்தேன்."

என் மகள் தன் மாமன் பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். எங்கள் குடும்பத்தில் நான் எதைச் சொன்னாலும், சர்க்கரை டின் மேல் தட்டில் இருக்கிறது என்று சொன்னால்கூட, கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்.

"எம்புட்டு ஆழம்மா?"

வீடே சிரித்தது. பொய் சொன்னபோது ஒரு மலையையே தோண்டிப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் பெற்ற மகளே நம்ப மாட்டேன் என்கிறாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. கேசரித் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "விடு அஞ்சல, நீ சொன்னதாவே இருக்கட்டும். கத அப்பத்தான் நல்லா இருக்கு," என்றாள்.